வராதவள் குடம்

உலகம்மை எழுத உட்கார்ந்து, எழுதாமலே எழுந்துபோன நாட்களில்தான் எங்கள் குடியிருப்பில் எல்லா வீட்டுக் குடமும் நிரம்பியது என்று சொன்னால், அங்கே இருந்தவர்கள் யாரும் இன்றைக்கும் புருவத்தை உயர்த்த மாட்டார்கள். ஆமாம், நல்ல தண்ணீர், பருப்பு பூவாக வெந்துவிடும் என்றுதான் சொல்வார்கள்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே, உப்புக் கம்பெனி ஆட்களுக்காக எதிரெதிராகக் கட்டிய வீடுகள் அவை. எங்கே தோண்டினாலும் உப்பு ஊறியது. சுவரில் உப்பு பூத்தது, கொடியில் காய்ந்த வேட்டி எடுத்து வைத்தால் தானாக நின்றது, வாசலில் நட்ட செம்பருத்தி ஒரே ஒரு பூ பூத்துக் காட்டிவிட்டுச் செத்துப்போனது. குடிதண்ணீர் லாரியில் வரும். எப்போது வரும் என்பது லாரிக்கே தெரியாது. ஆகவே மனிதர்களுக்குப் பதிலாகக் குடங்கள் காத்திருந்தன. பச்சையும் நீலமும் ஆரஞ்சுமாகப் பிளாஸ்டிக் குடங்கள், ரயில்வே கேட்டில் தொடங்கிப் பிள்ளையார் கோயில் வளைவு வரைக்கும், வெயிலில் வெளுத்து, காற்றில் உருளாமல் இருக்க வயிற்றில் ஆளுக்கொரு கல்லைச் சுமந்துகொண்டு, வீட்டுக்காரிகளைவிடப் பொறுமையாக நின்றன. எனக்கும் அதில் ஒரு குடம் இருந்தது. மஞ்சள் நிறம், கழுத்தில் விரிசல்.

அந்த வரிசைக்கு ஒரு சட்டம் இருந்தது. யார் குடத்தையும் யாரும் நகர்த்தக் கூடாது. லாரி வரும் நேரத்தில் குடத்துக்காரி இல்லாமல் போனால், அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் சரி, புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாலும் சரி, அவளுக்குப் பின்னால் நிற்பவள் முதலில் அந்தக் குடத்தை நிரப்பி ஓரமாக வைத்துவிட்டுத்தான் தன் குடத்தை எடுக்க வேண்டும். வராதவள் குடம் என்று அதற்குப் பெயர். யார் போட்ட சட்டமோ தெரியாது, ஆனால் அதைக் கட்டிக் காத்தவள் பாக்கியத்தாய். பகலெல்லாம் அளத்தில் உப்பு சுமந்துவிட்டு வந்து, சாயங்காலம் வரிசையை ஒரு முறை நடந்து பார்ப்பாள். ரயில் போகும்போது பேசினாலும் அவள் குரல்தான் மேலே கேட்கும். தண்ணீர் என்றால் அவளுக்கு யாரோ ஒருவன் திறந்துவிட்டு யாரோ ஒருவன் அடைத்துவிடுவது; ஆறு என்று ஒன்றை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

உலகம்மை ஆற்றங்கரைக்காரி. அம்பாசமுத்திரத்துப் பக்கம், தாமிரபரணி வாசலைத் தொட்டுக்கொண்டு போகிற தெருவில் பிறந்து, கல்லூரியில் தமிழ் படித்து, உப்புக் கம்பெனியில் எடை பார்க்கும் ஆறுமுகநயினாருக்கு வாழ்க்கைப்பட்டு இந்தப் பக்கம் வந்தவள். அதிகம் பேசமாட்டாள், ஆனால் பேசினால் ஒரு சொல்லை எடுத்து வைத்துவிட்டு அது சரியாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பாள். காலையில் நயினார் சைக்கிளில் கிளம்பியதும் உலையை இறக்கி, கையைத் துடைத்து, நடு அறையில் ஜன்னல் ஓரம் போட்டிருந்த மேசைக்கு முன் உட்கார்வாள். மேசையில் ஒரு வெள்ளைத் தாள் இருக்கும். தாளில் ஒரே ஒரு வரி.

'நாங்கள் போகும்போது ஆறு எங்களுக்கு முன்பே எழுந்திருந்தது.'

அதற்கு அடுத்த வரிதான் அவளுக்கு வேண்டியிருந்தது. வேறு எதுவும் பெரிதாக வேண்டியிருந்ததாக நாங்கள் பார்த்ததில்லை, நகையோ, புடவையோ, ஊர்ப் பயணமோ. அந்த அடுத்த வரி மட்டும் வந்துவிட்டால் அதன் பின்னால் மற்றவை தானாக வந்துவிடும் என்று நம்பியவள் போல, ஜன்னல் கம்பியின் நிழல் தாளின் ஒரு ஓரத்தில் ஏறி மறு ஓரத்தில் இறங்கும்வரை பேனாவைத் திறந்து பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நிழல் இறங்கியதும் பேனாவை மூடிவிட்டு எழுந்து போய்ப் புளியைக் கரைப்பாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். தாள் பழுப்பேறினால் புதுத் தாளில் அதே வரியை எழுதி வைப்பாள்.

மழை பொய்த்து, லாரியும் பொய்த்து, வரிசையில் நின்ற குடங்களின் வயிற்றில் சிலந்தி கூடு கட்டியிருந்த ஒரு பங்குனிக் காலையில், அவள் அப்படி உட்கார்ந்திருந்தபோது, அந்த அறைக்குள் மழை பெய்தது.

கூரை நனையவில்லை. கூரைக்கு ஒரு சாண் கீழே, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து துளி தொடங்கியது. மேசையிலும் நாற்காலியிலும் அவள் தலையிலும் படாமல், மற்ற இடமெல்லாம் நிதானமாக, அடைமழைக்காலத்து மூன்றாம் நாள் மழையைப் போல அவசரமில்லாமல் பெய்தது. உலகம்மை நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து போய் மூலையில் இருந்த அரிசி மூட்டையைக் கட்டில் மேல் தூக்கி வைத்து, மேலே ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு, தரையில் சேர்ந்த தண்ணீர் வாசல்படி தாண்டி வெளியே போக வழிவிட்டுக் கதவைத் திறந்துவைத்து, மறுபடியும் வந்து உட்கார்ந்தாள்.

வாசலில் தண்ணீர் ஓடியதை முதலில் பார்த்தது கோழிகள். அடுத்தது பாக்கியத்தாய்.

“மதினி, ஒங்க வீட்டுல என்ன ஒழுகுது?”

“மழை பெய்யுது, பாக்கியம்.”

பாக்கியத்தாய் வானத்தைப் பார்த்தாள். அது வெள்ளைத் துணியைப் போலக் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே பார்த்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, “இருங்க, குடத்தை எடுத்திட்டு வாரேன்” என்று போனாள்.

குழாய் வேலை பார்க்கும் அந்தோணியை வரவழைத்தார்கள். அவன் மொட்டைமாடிக்கு ஏறி, கால் சுட்டு, துள்ளிக்கொண்டு இறங்கினான். “மேல காயுது, கீழ பெய்யுது. இது குழாய் சம்பந்தப்பட்ட வேலை இல்ல” என்று சொல்லி, ஒரு கை அந்தத் தண்ணீரைப் பிடித்துக் குடித்துவிட்டு, இன்னொரு கை பிடித்து முகத்தைக் கழுவிவிட்டு, அவனும் குடம் எடுக்கப் போனான். சாயங்காலம் வீட்டுக்கு வந்த நயினார் ஒரு டம்ளர் குடித்தார். டம்ளரைக் கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தார். “இது உங்க ஊர்த் தண்ணி” என்றார். கல்யாணத்துக்குப் போன இடத்தில் குடித்த தண்ணீரை மனுஷன் மறக்கவில்லை.

மறுநாளும் அவள் உட்கார்ந்தாள், மறுநாளும் பெய்தது. எழுந்ததும் நின்றது. குடங்களின் வரிசை ரோட்டிலிருந்து திரும்பி, பிள்ளையார் கோயிலைச் சுற்றிக்கொண்டு, உலகம்மை வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. மழையை உன்னிப்பாகக் கவனித்து அதன் குணத்தைக் கண்டுபிடித்தவளும் பாக்கியத்தாய்தான். உலகம்மை பேனாவைத் தாளின் பக்கம் கொண்டுபோனால் துளி மெலிகிறது. கையை விலக்கி ஜன்னலைப் பார்த்தால் வலுக்கிறது. ஆகவே அவள் எழுதாமல் இருப்பதால்தான் பெய்கிறது என்று பாக்கியத்தாய் சொன்னாள், நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம், பார்த்தால் அப்படித்தான் இருந்தது.

அதன் பிறகு குடியிருப்பில் ஒருவரை ஒருவர் சாப்பிட்டாச்சா என்று கேட்பது போல, உலகம்மையைப் பார்த்தால் எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள்.

“என்ன மதினி, இன்னைக்கும் ஒண்ணும் எழுதலைல்லா?”

“எழுதலை.”

“நல்லா இருங்க.”

கேலியில்லை, மனதாரச் சொன்ன வாழ்த்து. எந்த ஊரிலும் எழுத முடியாதவளுக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்திருக்காது. தெருவில் ஐஸ் வண்டிக்காரன் மணி அடிக்கக் கூடாது என்றார்கள், சத்தமில்லாவிட்டால் அவளுக்கு ஏதாவது தோன்றிவிடும் என்று பிறகு யோசித்து, அடிக்கட்டும் என்றார்கள். டவுனில் இருந்து இலக்கியக் கழகத்துச் செயலாளர் ஒருவர், ஆண்டு மலருக்கு ஒரு கவிதை கேட்டுவிட்டுப் போகலாம் என்று வேட்டி மடிப்பு கலையாமல் வந்தபோது, ரயில்வே கேட்டிலேயே நிறுத்தி, அந்த அம்மாவுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லி வேப்பிலையைக் கையில் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். வீட்டில் விசேஷம் வைத்திருந்தவர்கள் முந்தின நாளே வந்து தேங்காய் பழத்தோடு சொல்லிவிட்டுப் போவார்கள்.

“நாளைக்கு மாப்பிள்ளை வீட்டு ஆளுக வாராங்க மதினி. ஒரு மணி நேரம் கூட உக்காந்து எழுதாம இருங்க.”

பாக்கியத்தாயின் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிறந்த குழந்தையின் தோல், லாரித் தண்ணீரில் குளிப்பாட்டினால் சிவந்து தடித்தது. அறைமழைத் தண்ணீரில் குளிப்பாட்டியதும் அடங்கிப் பாலாடை மாதிரி ஆனது. அதிலிருந்து பாக்கியத்தாய், உலகம்மையின் வாசலில் காவல் நாய் படுப்பது போல உட்கார்ந்துகொண்டாள்.

நாங்கள் செய்த தவறு இதுதான்: எழுதாமல் இருப்பதுதான் மழை என்று நினைத்து, எழுதாமல் இருப்பதை அவளுக்குச் சுலபமாக்கினோம். பாவம், தனியாக உட்கார்ந்திருக்கிறாளே என்று ஆள் மாற்றி ஆள் போய் அவளோடு இருந்தோம். நான் வார இதழ்கள் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒருத்தி பிளாஸ்டிக் ஒயர்க் கூடை பின்னக் கற்றுக்கொடுத்தாள். ஒருத்தி வெந்தயக்களி கிண்டிக்கொண்டு வந்தாள். திருச்செந்தூருக்கு எல்லோருமாக வேனில் போனோம். கடலில் நின்று உலகம்மை வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தோம், பற்கள் வரிசையாக அழகாக இருந்தன. அவள் சதை போட்டாள். மேசைக்கு முன் உட்கார்ந்து கூடை பின்னினாள். தாளை மடித்து ஜன்னல் கதவு ஆடாமல் இருக்க இடுக்கில் செருகினாள். அடுத்த வரி வராதது ஒரு பல் விழுந்த இடம் போல அவளுக்குப் பழகிப்போனது, நாக்கு அந்தப் பக்கம் போவதே இல்லை.

மழை தூறலானது. தூறல், காலை நேரத்துப் பனி போல ஆனது. ஒரு நாள் கூடையில் கைப்பிடி வைத்து முடித்தாள். அன்று அறையின் தரை காய்ந்தே கிடந்தது.

கண்ணேறு என்றார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். மேசையைக் கிழக்கே பார்த்துத் திருப்பிப் போட்டார்கள், பிறகு வடக்கே. பாதிரியார் வந்து ஜெபித்தார், பிள்ளையார் கோயில் பூசாரியும் வந்து விபூதி போட்டார், இருவரும் வாசலில் ஒருவருக்கொருவர் வழிவிட்டு நின்றார்கள். ஒன்றும் நடக்கவில்லை. குடங்களின் வயிற்றில் மறுபடியும் கல்லைப் போட்டோம்.

பாக்கியத்தாய் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உலகம்மைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். குழந்தையின் தொடை மடிப்பில் மறுபடியும் சிவந்திருந்தது.

“மதினி, ஒண்ணு கேக்கேன். இங்கன உக்காந்திருக்கையில என்ன நினைப்பிய?”

“இப்ப ஒண்ணும் நினைக்கலை. அடுத்த கூடைக்கு என்ன கலர் போடலாம்னு நினைப்பேன்.”

“முந்தி?”

உலகம்மை ஒயரைக் கீழே வைத்தாள். “முந்தி சொர்ணத்தை நினைப்பேன்.”

“அது யாரு?”

இத்தனை வருஷத்தில், வாசலில் அத்தனை குடம் வைத்திருந்தும், எங்களில் ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

சொர்ணம் அவளுடைய அக்கா. விடிந்ததும் இரண்டு பேரும் ஆற்றுக்குப் போவார்கள். படித்துறையில் அக்கா மேல் படியில், தங்கை அதற்கு அடுத்த படியில். எப்போதும் அந்த வரிசைதான். குளித்துத் தலை துவட்டும்வரை ஒரு விளையாட்டு. ஒருத்தி ஒரு வரி சொல்ல வேண்டும், மற்றவள் அதற்கு அடுத்த வரி. சொர்ணத்தின் வரி எப்போதும் உலகம்மையின் வரியைக் காலை வாரிவிடும். நிலா தேய்கிறது என்று இவள் உருகினால், சரியாகச் சாப்பிட்டிருக்காது என்பாள் அவள். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வருவார்கள். ஒரு நாள் காலை இவள் ஒரு வரி சொன்னாள். அக்காவுக்கு உடம்பு காய்ந்தது, குளிர்கிறது, நாளைக்குச் சொல்கிறேன் என்று ஈரத் துணியோடு முன்னால் நடந்துபோனாள். மஞ்சள் காமாலை. பத்தொன்பது வயது.

“அப்ப அடுத்த வரி அவ முறை” என்றாள் பாக்கியத்தாய்.

“ஆமா. அவ முறை.”

பாக்கியத்தாயின் மணிக்கட்டில் ஒரு துளி விழுந்தது. அடுத்தது குழந்தையின் நெற்றியில். குழந்தை நாக்கை நீட்டியது.

அதன் பிறகு நாங்கள் ஆள் மாற்றி ஆள் போய்ச் சொர்ணத்தைக் கேட்டோம். சொர்ணம் எப்படி நடப்பாள், என்ன பூ வைப்பாள், கோபம் வந்தால் என்ன சொல்வாள். கேட்கக் கேட்க உலகம்மை சொன்னாள், சொல்லச் சொல்லப் பெய்தது. சொர்ணம் எங்கள் குடியிருப்புக்குக் குடிவந்த மாதிரி ஆகிவிட்டது. கருவாட்டு வாடை அவளுக்கு ஆகுமா ஆகாதா என்று குட வரிசையில் வாதம் நடந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒருத்தி சொன்னதற்கு ஒருத்தி எதிர்வரி சொல்லிச் சொர்ணம் விளையாட்டு விளையாடின. பாக்கியத்தாய் தன் பேத்திக்குச் சொர்ணம் என்று பெயர் வைத்தாள். உலகம்மையோ ஜன்னல் இடுக்கிலிருந்த தாளை எடுத்து, மடிப்பை நீவி, மேசையில் வைத்து, பேனாவைத் திறந்தாள், திறந்தபடியே உட்கார்ந்திருந்தாள். இதுவரை பார்க்காத மழை அது. சரம் சரமாக, சுவர் தெரியாமல், ஆற்றின் இரைச்சலோடு இறங்கியது. போட்ட சதையெல்லாம் கரைந்து, கழுத்தெலும்பு தெரிய, தட்டில் வைத்த சோறு அப்படியே இருக்க அவள் மெலிந்துகொண்டே போனாள். இது பாவமில்லையா என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. குடம் நிரம்பியது.

நயினார் ஒரு நாள் வேலைக்குப் போகவில்லை. வாசலில் நின்று, யாரையும் பார்க்காமல், கைக்கடிகாரத்தைக் கழற்றுவதும் கட்டுவதுமாக இருந்தார்.

“உங்களுக்கெல்லாம் தண்ணி வேணும், எனக்குப் புரியுது” என்றார். “எனக்கும் வேணும். ஆனா அவ அடுத்த வரியை எழுதிட்டா பிழைச்சுக்குவா. எழுதலைன்னா அந்தப் படித்துறையிலயே கரைஞ்சுருவா. யாராச்சும் வந்து சொர்ணத்தைக் கேக்கறதுக்குப் பதிலா அவகிட்ட எழுதுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?”

“நீங்க சொல்ல வேண்டியதுதானே அண்ணாச்சி” என்று வரிசையில் இருந்து கனி கேட்டாள். கனி புதுசாகக் கல்யாணமாகி வந்தவள், வாய்த்துடுக்கு.

“நான் தெனமும் சொல்லுதேன். அது அக்கா முறைங்கா.”

வரிசை ஒரு குடம் முன்னால் நகர்ந்தது. நானும் நகர்ந்தேன். என் மஞ்சள் குடத்துக்கு முன்னால் இன்னும் நிறையக் குடங்கள் இருந்தன.

அந்த வாரத்திலேயே ஒரு காலையில், மழை உச்சத்தில் இருந்தபோது, வாசலில் சண்டை வந்தது. கனிக்கு முன்னால் நின்ற நீலக் குடம் எஸ்தருடையது. எஸ்தர் குடலில் கட்டி வந்து பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கனி நீலக் குடத்தைத் தாண்டிப் போய்த் தன் குடத்தை மழையில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

“ஏட்டி கனி, எஸ்தர் குடம் காலியா நிக்கி, ஒன் குடம் எப்படி நிரம்பிச்சு?” பாக்கியத்தாயின் குரல் மழை இரைச்சலைத் தாண்டிக்கொண்டு போயிற்று.

“அவ வரலியேக்கா.”

“வராதது அவ. குடம் வந்து நிக்குல்லா. மொதல்ல அதை நிரப்பு.”

“எப்ப வருவாளோ, யாரு கண்டா. வராமலே போயிட்டா?”

“போயிட்டா மட்டும் காலியா வைப்பியா? வராதவ குடத்தைப் பின்னால நிக்கவதான் நிரப்பணும். வேற யாரு வந்து நிரப்புவா? அதுக்குத்தானட்டி நீ அவ பின்னால நிக்கே.”

கனி முணுமுணுத்துக்கொண்டே நீலக் குடத்தை எடுத்தாள். அதைப் பிடிக்க வாசல்படி ஏறியவள் அப்படியே நின்றாள். மழையின் சத்தம் மாறியிருந்தது. இரைச்சல் அடங்கி, ஒவ்வொரு துளியும் தனித்தனியாகக் கேட்டது.

உள்ளே உலகம்மை குனிந்திருந்தாள். எப்போதும் ஜன்னலைப் பார்த்திருக்கும் முகம் தாளின் பக்கம் திரும்பியிருந்தது. உதடு அசைந்தது, இரண்டு பேர் பேசுவது போல, ஒரு அசைவு, சற்று நிறுத்தம், பிறகு வேறு மாதிரி ஒரு அசைவு. படித்துறையில் சொர்ணத்துக்குப் பின்னால் நின்றவள் அவள் ஒருத்திதானே. பேனாவின் முனை தாளைத் தொட்டது.

“அக்கா, மழை குறையுது” என்றாள் கனி. “எழுதுதாங்க. கூப்பிடுங்க அக்கா, ஒரு சத்தம் குடுத்தா நிமிந்துருவாங்க.”

உண்மைதான். இத்தனை நாளும் ஒரு குரல் போதுமானதாக இருந்தது. பாக்கியத்தாய் கையில் அரைக் குடம் தண்ணீரோடு வாசல்படியில் நின்றாள். அவளுக்குப் பின்னால் அவள் மகள், தோளில் குழந்தையைப் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றாள். அதற்குப் பின்னால் நாங்கள் எல்லோரும். ரயிலுக்கு மேலே கேட்கும் குரல் தொண்டைக்கு வந்து வாயைத் திறந்ததை நான் பார்த்தேன். உள்ளே உலகம்மை ஒரு வரியை எழுதி முடித்து, அதைப் பார்த்து, அழுதுகொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பு யாரோ காலை வாரிவிட்டபோது சிரிக்கிற சிரிப்பு. உடனே அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதத் தொடங்கினாள்.

பாக்கியத்தாய் வாயை மூடினாள். குடத்தைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். கதவை இழுத்து, கொண்டியின் சத்தம் கேட்காமல் இருக்க விரலைக் கொடுத்துப் பிடித்து, மெதுவாகச் சாத்தினாள்.

“வரிசையை எடுத்து ரோட்டுல வைங்க” என்றாள். அவள் அவ்வளவு தாழ்ந்த குரலில் பேசி நாங்கள் கேட்டதில்லை.

“அம்மா, பிள்ளைக்கு?” என்றாள் மகள்.

“லாரி வரும்.”

“எப்ப?”

“வரும்ட்டி. எடு.”

சாத்திய கதவின் கீழே இருந்து கொஞ்ச நேரம் நீர் கசிந்தது. பிறகு படி காய்ந்தது. கனி கையிலிருந்த நீலக் குடத்தில் ஒரு கை அளவுதான் சேர்ந்திருந்தது. தன் குடத்தில் இருந்ததை அவள் அதில் ஊற்றினாள், யாரும் சொல்லவில்லை.

கோபம் இல்லாமல் இருந்ததா? இருந்தது. சிலர் உலகம்மை வீட்டைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மேசையை விறகுக்குக் கேட்டு வாங்கிவிடலாம் என்றுகூட ஒருவர் சொன்னார். குழந்தையின் தோல் தடித்தது. பாக்கியத்தாய் தேங்காயெண்ணெயைத் தடவிவிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் ரோட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். உலகம்மை கதவைச் சாத்திக்கொண்டு எழுதினாள். தட்டு காலியாகக் கழுவுவதற்கு வந்தது என்று நயினார் எனக்கு மட்டும் சொன்னார்.

பிறகு ஒரு காலை, லாரி கிளம்பிவிட்டது என்று யாரோ சொல்லி எல்லோரும் ரோட்டில் அவரவர் குடத்தின் பக்கத்தில் போய் நின்ற காலை, உலகம்மை இடுப்பில் குடமும் கையில் சில தாள்களுமாக வந்தாள். வரிசையின் கடைசிக்குப் போய்க் குடத்தை வைத்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உப்பளத்தில் இருந்து காற்று வீசியது, உதட்டை நக்கினால் கரித்தது.

“எழுதியாச்சா மதினி?” பாக்கியத்தாய் திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

“ஆச்சு, பாக்கியம்.”

“அவ முறையையும் நீங்களேவா எழுதினிய?”

“அவ குடம்லா. நான்தான பின்னால நின்னேன்.”

பாக்கியத்தாய் இப்போது திரும்பினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். “சரி, வாசிங்க. லாரி வரட்டும்.”

உலகம்மை குடத்தின் மேல் தாள்களை வைத்து, ஒரு கையால் காற்றில் பறக்காமல் பிடித்துக்கொண்டு வாசித்தாள்.

“நாங்கள் போகும்போது ஆறு எங்களுக்கு முன்பே எழுந்திருந்தது.”

நிறுத்தினாள். அடுத்ததை வேறு குரலில் வாசித்தாள். பத்தொன்பது வயதுக் குரல், குறும்பு, ஈரத் தலையோடு மேல் படியில் இருந்து திரும்பிப் பார்க்கிற குரல்.

“எங்கே தூங்கியது, அதன் கண்ணைப் பார்.”

கனி சிரித்துவிட்டாள். குழந்தையைத் தோளில் போட்டிருந்தவளும் சிரித்தாள். உலகம்மை மேலே மேலே வாசித்தாள், ஒரு வரி அவள், ஒரு வரி சொர்ணம். மூங்கில் நிழல் விழுந்த தண்ணீரும், கணுக்காலைக் கடிக்கிற கெண்டைக் குஞ்சும், படியில் வழுக்குகிற பாசியும், துணி துவைக்கிற சத்தம் எதிர்க்கரையில் மோதித் தாமதமாகத் திரும்பி வருவதும், யாரும் திறக்காமல் யாரும் அடைக்காமல் போய்க்கொண்டே இருக்கிற தண்ணீரும் வரி வரியாக வந்தன. ரயில்வே கேட்டில் லாரியின் ஹாரன் கேட்டது. ஒரு குடமும் நகரவில்லை.

எனக்கு முன்னால் பாக்கியத்தாய் நின்றுகொண்டிருந்தாள். கண்ணை உலகம்மையின் மேல் வைத்தபடி, தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமல், அவள் குனிந்து, காய்ந்து வெடித்த அந்த ரோட்டில், நனைந்துவிடாமல் இருக்கச் சேலையின் கீழ் ஓரத்தைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.